புதிதாக உடற்பயிற்சி தொடங்குபவருக்கு ஹார்ட் ரேட் மானிட்டர்: எதை வாங்கலாம், எப்படிப் பயன்படுத்தலாம்

உடற்பயிற்சியைத் தொடங்கிச் சில வாரங்களிலேயே விட்டுவிடுகிறவர்களைப் பார்த்து, மனவுறுதி போதவில்லை என்று சொல்லிவிடுவது எளிது. பல நேரம் நடப்பது வேறு. முதல் நாளே மூச்சிரைக்க ஓடுகிறார்கள். மறுநாள் படியிறங்க முடியாமல் தொடை வலிக்கிறது. நான்காம் நாள் அந்தக் களைப்பை நினைத்ததுமே ஷூவை எடுக்கக் கை போவதில்லை. எடை குறைவது கண்ணுக்குத் தெரிய மாதங்கள் ஆகும். அதுவரை, செய்வது சரியான அளவுதானா, உடம்புக்குள் ஏதாவது மாறுகிறதா என்று தெரிந்துகொள்ள வழியே இல்லாவிட்டால் யாருக்கும் சலிப்பு வரும்.

ஹார்ட் ரேட் மானிட்டர், அதாவது இதயத் துடிப்பை அளக்கும் கருவி, இந்த இரண்டு கேள்விக்கும் எண்ணால் பதில் சொல்கிறது. தொடங்கும் காலத்தில் அது சொல்லும் பதில் பெரும்பாலும் ‘வேகத்தைக் குறை’ என்பதாகத்தான் இருக்கும். மெதுவாகச் செய்தாலும் பலன் உண்டு என்று நம்பவைப்பதுதான் இந்தக் கருவியின் முதல் பயன். அதற்காகவே இதை வாங்கலாம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். புதிதாக வாங்குவதானால், போலார் எச்9 போன்ற எளிய மார்புப் பட்டைதான் எங்கள் முதல் தேர்வு. மார்பில் பட்டை கட்டுவது பிடிக்காதவர்களுக்கு மேல்கையில் கட்டும் போலார் வெரிட்டி சென்ஸ். கையில் ஏற்கெனவே ஸ்மார்ட் வாட்ச் இருந்தால், உடனே எதையும் வாங்க வேண்டாம். அதைச் சரியாகக் கட்டி ஒரு மாதம் நடந்து பாருங்கள். நடைக்கும் மெதுவான ஓட்டத்துக்கும் பலருக்கு அதுவே போதும்.

எது எப்படி அளக்கிறது

மார்புப் பட்டை இதயத்தின் மின்துடிப்பை நேரடியாகப் பிடிக்கிறது. பட்டையின் உட்புறத்தில் ரப்பர் போன்ற இரண்டு மின்முனைகள் இருக்கும். இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் தோலின் மேல் உண்டாகும் மிகச் சிறிய மின்னழுத்த வேறுபாட்டை அவை உணர்கின்றன. நடுவில் மாட்டும் சிறு கருவி அந்தத் துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்தை அளந்து, புளூடூத் வழியாகப் போனுக்கோ வாட்சுக்கோ அனுப்புகிறது. இசிஜி எடுக்கும் அதே அடிப்படைதான். பின்லாந்தில் 1977இல் தொடங்கிய போலார் நிறுவனம், கம்பி இல்லாமல் உடலில் அணியும் ஸ்போர்ட் டெஸ்டர் பிஇ2000 என்ற மானிட்டரை 1982இல் கொண்டுவந்தது. 40 ஆண்டுகளுக்கு மேலாகியும் அதன் அடிப்படை மாறவில்லை. மற்றக் கருவிகள் சரியாக அளக்கின்றனவா என்று சோதிக்கும் பல ஆய்வுகள் இன்றும் மார்புப் பட்டையைத்தான் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்கின்றன.

வாட்ச் அளப்பது ரத்த ஓட்டத்தை. அதன் அடியில் மின்னும் பச்சை விளக்கு தோலுக்குள் ஒளியைச் செலுத்துகிறது. ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தக் குழாய் சற்று விரியும்போது திரும்பி வரும் ஒளி குறைகிறது. அந்த ஏற்ற இறக்கத்தை வைத்து வாட்ச் துடிப்பை எண்ணுகிறது. உட்கார்ந்திருக்கும்போது இது நன்றாகவே வேலை செய்யும். கை ஆடத் தொடங்கியதும் சிக்கல் வருகிறது. கை அசைவால் வரும் ஒளி மாற்றம் துடிப்பால் வருவதைவிடப் பெரியது. சந்தைக் கூட்டத்தில் ஒருவர் மெல்லப் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்பது போன்ற வேலை அது.

இதனால் வரும் குழப்பம் ஒன்றைப் புதியவர்கள் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். சில நேரம் வாட்ச் இதயத்தை விட்டுவிட்டு உங்கள் காலடிகளை எண்ணத் தொடங்கிவிடும். மெதுவாக ஓடுபவரின் காலடி நிமிடத்துக்கு 160, 165 என்று இருக்கும். உண்மையான துடிப்பு 140ஆக இருக்க, வாட்ச் 163 என்று காட்டும். அதைப் பார்த்துப் பயந்து ஓட்டத்தை நிறுத்துகிறவர்கள் உண்டு. கண்டுபிடிப்பது எளிது: வேகம் மாறினாலும் எண் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், அது செயலி காட்டும் காலடி எண்ணுக்கு மிக அருகில் இருக்கும், நின்றவுடன் சட்டென்று சரியும். உண்மையான துடிப்பு படிப்படியாகத்தான் இறங்கும். இப்படித் தெரிந்தால் நின்று, வாட்சைச் சற்று மேலே தள்ளி இறுக்கிக் கட்டி, எண் நிலைக்கு வந்தபின் மறுபடி கிளம்புங்கள்.

வாட்சை மணிக்கட்டு எலும்பின் மேலேயே கட்டக் கூடாது. எலும்பிலிருந்து ஒன்றிரண்டு விரற்கடை முழங்கைப் பக்கமாக, அசைத்தால் தோலும் சேர்ந்து நகரும் அளவுக்கு இறுக்கமாக இருக்க வேண்டும். பயிற்சி முடிந்ததும் தளர்த்திக்கொள்ளலாம். குளிரில் தோலுக்கு வரும் ரத்தம் குறைவதால் எண் தப்பும். ஆகவே வெளியே கிளம்புமுன் உள்ளேயே சில நிமிடம் வார்ம் அப் செய்வது நல்லது. மணிக்கட்டில் அடர்த்தியாகப் பச்சை குத்தியிருந்தால் ஒளி உள்ளே போகாது. மறுகையில் கட்டிப் பாருங்கள். தண்டால், டம்பெல், சைக்கிள் ஹாண்டில்பார் என்று மணிக்கட்டு மடங்கும் எதிலும் வாட்சின் எண்ணை நம்ப வேண்டாம். திடீரென்று வேகம் கூட்டினால் எண் பல நொடிகள் பின்தங்கித்தான் வரும்.

மேல்கைப் பட்டையும் ஒளியால்தான் அளக்கிறது. ஆனால் அங்கே சதை அதிகம், மடங்கும் மூட்டு இல்லை, ஆட்டமும் குறைவு. அதனால் வாட்சைவிடத் தெளிவான எண் கிடைக்கிறது. வெரிட்டி சென்ஸ் மாட்டுவதற்கு மிக எளிது, வியர்வையில் நழுவுவதில்லை, போன் பக்கத்தில் இல்லாவிட்டாலும் பதிவு செய்துகொள்ளும். ஒரே குறை சார்ஜ். பட்டன் பேட்டரி உள்ள மார்புப் பட்டையை ஆண்டுக்கணக்கில் மறந்துவிடலாம். இதை அப்படி விட முடியாது. காலையில் ஷூ கட்டிய பிறகு கருவி அணைந்துகிடந்தால், புதியவருக்கு அதுவே அன்றைய பயிற்சியைத் தள்ளிப்போடச் சாக்காகிவிடும். சார்ஜர் எப்போதும் கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும்.

டிரெட்மில் கைப்பிடியில் உள்ள உலோகத் தகடும் துடிப்பைக் காட்டும். நடுவில் ஒருமுறை பிடித்துப் பார்க்கலாம், அவ்வளவுதான். அதைப் பிடித்துக்கொண்டே ஓடினால் உடம்பு முன்சாய்ந்து நடையே கெட்டுவிடும்.

மார்புப் பட்டைகளில் எது

போலார் எச்10 இந்த வரிசையில் பெயர்பெற்றது. ஒரே நேரத்தில் இரண்டு புளூடூத் இணைப்புகளைத் தாங்கும், ஒரு பயிற்சியைத் தன் நினைவகத்திலேயே சேமிக்கும், பட்டையின் உட்புறம் வழுக்காமலிருக்கச் சிலிக்கோன் புள்ளிகள் உண்டு. எச்9 அதன் எளிய தம்பி. நினைவகம் கிடையாது, ஒரு புளூடூத் இணைப்புதான், பட்டை சற்றுச் சாதாரணமானது. துடிப்பை அளப்பதில் தொடக்கக்காரர் உணரக்கூடிய வேறுபாடு இரண்டுக்கும் இல்லை. போனை உடன் எடுத்துச் செல்பவருக்கு எச்9 தாராளம். கூடுதல் பணத்தை நல்ல ஷூவில் போடுவது புத்திசாலித்தனம். நீச்சலடிப்பவர் மட்டும் எச்10ஐப் பார்க்க வேண்டும், ஏனென்றால் புளூடூத் அலை தண்ணீருக்குள் போகாது. உள்ளே சேமித்துக் கரையேறிய பின் அனுப்பும் கருவிதான் அங்கே பயன்படும்.

இரண்டிலும் சிஆர்2025 பேட்டரி. சுமார் 400 மணி நேரம் உழைக்கும் என்கிறது போலார். வாரத்துக்கு அரை மணி நேரமாக ஐந்து நாள் என்றால் இரண்டரை மணி நேரம். கணக்குப்படி மூன்று ஆண்டுகள் வர வேண்டும். நடைமுறையில் அதற்கு முன்பே தீர்ந்துவிடுவதற்கான காரணத்தைக் கடைசியில் சொல்கிறோம்.

கார்மின் வாட்ச் வைத்திருப்பவர்களுக்கு எச்ஆர்எம்-டூவல் பொருத்தமானது. சிஆர்2032 பேட்டரி, நாளுக்கு ஒரு மணி நேரம் பயன்படுத்தினால் மூன்றரை ஆண்டுவரை வரும் என்பது நிறுவனத்தின் கணக்கு. வாஹூ டிக்கரில் உள்ள இரண்டு சிறு விளக்குகள் புதியவர்களுக்கு நல்ல துணை. ஒன்று துடிப்பு கிடைக்கிறது என்பதையும், மற்றொன்று இணைப்பு கிடைத்துவிட்டது என்பதையும் காட்டும். எண் வராதபோது கோளாறு பட்டையிலா போனிலா என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை.

எதை வாங்கினாலும் புளூடூத்தும், ஆன்ட் பிளஸ் என்ற இன்னொரு கம்பியில்லா இணைப்பும் இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். போனுக்கு முதலாவது, பல சைக்கிள் மீட்டர்களுக்கும் ஜிம் கருவிகளுக்கும் இரண்டாவது. மலிவான, பெயர் தெரியாத பட்டைகளில் அளக்கும் கருவி பெரும்பாலும் சுமாராக வேலை செய்துவிடும். துணிப்பட்டைதான் சீக்கிரம் இழுபட்டுத் தளர்ந்துபோகும், தனியாக மாற்றுப் பட்டையும் கிடைக்காது. வாங்குமுன் மாற்றுப் பட்டை விற்கிறார்களா என்று பார்த்துக்கொள்வது, விளம்பரத்தில் உள்ள பத்து அம்சங்களைப் படிப்பதைவிடப் பயனுள்ளது.

முதல் முறை மாட்டும்போது

‘பட்டை வேலை செய்யவில்லை’ என்ற புகாரில் பெரும்பகுதி உலர்ந்த மின்முனையால் வருவது. தோலுக்கும் மின்முனைக்கும் நடுவே ஈரம் இல்லாவிட்டால் மின்துடிப்பு கடக்காது. பத்து நிமிடம் போனால் வியர்வை அந்த வேலையைச் செய்துவிடும். ஆனால் அதுவரை எண் வராது, அல்லது நடந்துகொண்டிருக்கும்போதே 210 என்று காட்டிப் பயமுறுத்தும்.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும். குழாய் நீரில் மின்முனைகள் இரண்டையும் நன்றாக நனையுங்கள். பட்டையை மார்புத் தசைக்கு நேர் கீழே, விலா எலும்பைச் சுற்றிக் கட்டுங்கள். பெண்கள் ஸ்போர்ட்ஸ் பிராவின் அடிப்பட்டைக்குக் கீழேயோ, அதன் உள்ளேயே அமையும்படியோ கட்டலாம். ஆழமாக மூச்சிழுக்க முடிய வேண்டும், குதித்தால் நழுவக் கூடாது. அதுதான் இறுக்கத்தின் அளவு. கருவியில் உள்ள எழுத்து நேராக இருக்க வேண்டும். பிறகு செயலியைத் திறந்து, அதற்குள்ளிருந்தே சென்சாரைத் தேடுங்கள். போனின் புளூடூத் அமைப்புக்குள் போய் இணைக்க வேண்டாம். அங்கே இணைத்தாலும் பயிற்சிச் செயலிக்கு எண் போய்ச் சேராமல் நிற்கலாம். பட்டையைக் கட்டாமல் மேசை மேல் வைத்துத் தேடினாலும் கிடைக்காது, ஏனென்றால் தோல் பட்ட பிறகுதான் அது விழிக்கும்.

நேற்றுவரை கிடைத்த சென்சார் இன்று தேடலில் வரவே இல்லையா? வேறொரு செயலியோ வாட்சோ முந்திக்கொண்டிருக்கும். ஒரே இணைப்புள்ள கருவியில் இது அடிக்கடி நடக்கும். மற்றச் செயலிகளை முழுவதுமாக மூடிவிட்டுத் தேடுங்கள்.

நனைத்தும் எண் குதித்துக்கொண்டே இருந்தால் சட்டையைக் கவனியுங்கள். காற்றில் ஈரம் குறைந்த நாளில், தொளதொளவென்ற பாலியஸ்டர் சட்டை பட்டையின் மேல் உரசி நிலைமின்சாரம் உண்டாக்கும். சட்டையை லேசாக நனைப்பது, உடலோடு ஒட்டிய சட்டை போடுவது, தண்ணீருக்குப் பதில் இசிஜிக்குப் பயன்படும் ஜெல்லைத் தடவுவது ஆகிய மூன்றில் ஒன்று வழிக்குக் கொண்டுவரும். மார்பில் முடி அதிகமுள்ளவர்களுக்கும் ஜெல் உதவும். பட்டை படும் இடத்தில் எண்ணெயோ லோஷனோ பூச வேண்டாம். இத்தனைக்கும் பிறகு சரியாகவில்லை என்றால் கருவியை நடு மார்பிலிருந்து சற்று இடப்பக்கமாக நகர்த்திப் பாருங்கள்.

எந்த எண்ணை நோக்கி நடப்பது

செயலியில் வயதைக் கொடுத்தவுடன் அது ஐந்து மண்டலங்களை, அதாவது துடிப்பின் ஐந்து வேக வரம்புகளைப் போட்டுத் தந்துவிடும். பெரும்பாலான செயலிகள் 220லிருந்து வயதைக் கழித்து உச்சத் துடிப்பை வைத்துக்கொண்டு, 50 சதவீதத்திலிருந்து பத்துப் பத்தாகப் பிரிக்கின்றன. 1971 முதல் புழக்கத்தில் இருக்கும் இந்தச் சூத்திரம் ஒரு தோராயம் மட்டுமே. 2001இல் ஆய்வாளர் டனாக்காவும் அவருடன் பணிபுரிந்தவர்களும் வெளியிட்ட சூத்திரம் சற்று மேல்: வயதை 0.7ஆல் பெருக்கி, 208லிருந்து கழிக்க வேண்டும். 40 வயதில் இரண்டுமே 180 என்று காட்டும். 60 வயதில் பழைய சூத்திரம் 160 என்றும் புதியது 166 என்றும் சொல்லும். வயதில் மூத்தவர்களைப் பழைய சூத்திரம் தேவைக்கு மேல் கட்டிப்போடுகிறது என்பதற்கு இது ஒரு காரணம்.

எந்தச் சூத்திரமானாலும் தனி மனிதருக்கு அது பொருந்தும் என்று உறுதியில்லை. ஒரே வயதுள்ள இருவரின் உச்சத் துடிப்பு 20, 30 எண் வேறுபடுவது சாதாரணம். அதற்காக உச்சத்தைக் கண்டுபிடிக்கிறேன் என்று புதியவர் யாரும் முழு வேகத்தில் ஓடிப் பார்க்க வேண்டாம். பயிற்சியே இல்லாத உடம்புக்கு அது ஆபத்து, இப்போதைக்குத் தேவையும் இல்லை.

அதைவிட நல்ல வழி, ஓய்வுநிலைத் துடிப்பையும் கணக்கில் சேர்ப்பது. பின்லாந்து ஆய்வாளர் மார்ட்டி கார்வோனன் 1957இல் தந்த முறை இது. காலையில் எழுந்ததும், படுக்கையிலேயே, காபி குடிக்குமுன் துடிப்பைப் பாருங்கள். நான்கைந்து நாள் பார்த்துச் சராசரி எடுங்கள். உச்சத் துடிப்பிலிருந்து அதைக் கழித்தால் வருவது கையிருப்பு. அந்தக் கையிருப்பில் 40 முதல் 59 சதவீதத்தை எடுத்து, ஓய்வுநிலைத் துடிப்போடு கூட்டினால் மிதமான பயிற்சிக்கான எல்லை கிடைக்கும்.

45 வயதுக்காரரின் ஓய்வுநிலைத் துடிப்பு 75 என்று வைத்துக்கொள்வோம். உச்சம் 175, கையிருப்பு 100. அவருடைய எல்லை 115 முதல் 134 வரை. அதே வயதில் ஓய்வுநிலைத் துடிப்பு 60 உள்ளவருக்குக் கையிருப்பு 115, எல்லை 106 முதல் 128 வரை. வயதை மட்டும் வைத்துப் போட்டால் இருவருக்கும் ஒரே எண்தான் வந்திருக்கும்.

கிடைத்த எண்ணை வாயால் சோதித்துக்கொள்ளலாம். மிதமான வேகத்தில் முழு வாக்கியமாகப் பேச முடியும், பாட முடியாது. 134ஐத் தொடும்போதும் பாட்டுப் பாட முடிகிறது என்றால் உங்கள் உண்மையான எல்லை கணக்கைவிடச் சற்று உயரம். 120லேயே இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்குகிறது என்றால் தாழ்வு. அமைப்பில் போய் ஐந்தைந்தாக ஏற்றியோ இறக்கியோ கொள்ளுங்கள். உடம்பும் எண்ணும் முரண்பட்டால் உடம்பின் பக்கம் நில்லுங்கள்.

இன்னொன்று: இரண்டாம் மண்டலத்துக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று படித்துவிட்டு, அதைத் தாண்டினாலே தவறு என்று நினைப்பவர்கள் நிறைய. மேலே சொன்ன 45 வயதுக்காரரின் செயலியில் இரண்டாம் மண்டலம் 105 முதல் 122 வரை. வேகமாக நடந்தாலே அவருடைய துடிப்பு 128க்குப் போகலாம், அது முற்றிலும் சரியான மிதமான பயிற்சி. மண்டலத்தின் நிறம் மாறியதற்காக நடையைச் சுருக்க வேண்டியதில்லை.

ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அந்த மருந்து துடிப்பை ஏற விடாமல் பிடித்துவைக்கும். எண்ணை எட்ட வேண்டும் என்று முயன்றால் அளவுக்கு மீறிய உழைப்பாகிவிடும். அவர்கள் மருத்துவரிடம் தங்களுக்கான எல்லையைக் கேட்டுக்கொள்ள வேண்டும். துடிப்புச் சீரின்மை உள்ளவர்கள், இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் தொடங்குமுன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும். நெஞ்சில் வலியோ இறுக்கமோ வந்தால், தலை சுற்றினால், எண் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த இடத்திலேயே நிறுத்தி உதவி கேளுங்கள். இது மருத்துவக் கருவி அல்ல.

ஆர்வம் குறையாமல் இருக்க

செயலியில் முதலில் செய்ய வேண்டியது, மேல் எல்லைக்கு எச்சரிக்கை ஒலி வைப்பது. போனை நொடிக்கொரு முறை எடுத்துப் பார்ப்பது நடையைக் கெடுக்கும். எல்லை தாண்டினால் ஒலிக்கட்டும், மற்ற நேரம் பார்க்க வேண்டாம். கீழ் எல்லைக்கு ஒலி முதல் மாதம் தேவையில்லை. அது நச்சரிப்பாகத்தான் இருக்கும்.

அடுத்தது, கலோரியைத் திரையிலிருந்து எடுத்துவிடுவது. இதை வற்புறுத்தியே சொல்கிறோம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2017இல் ஏழு மணிக்கட்டுக் கருவிகளைச் சோதித்தபோது, ஆறு கருவிகள் துடிப்பை 5 சதவீதத்துக்கும் குறைவான பிழையில் காட்டின. கலோரியிலோ, இருப்பதில் சிறந்த கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது. மிக மோசமானது 93 சதவீதம். இந்த எண்ணை நம்பிக் கூடுதலாகச் சாப்பிட்டுவிட்டு, எடை குறையவில்லையே என்று மனம் உடைவதைவிட அதைப் பார்க்காமலே இருக்கலாம்.

அதன் இடத்தில் வைக்க வேண்டிய எண், வாரத்தில் எல்லைக்குள் கழித்த நிமிடங்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் பெரியவர்களுக்குச் சொன்னது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சி. முதல் வாரமே 150 வேண்டாம். 15 நிமிடமாக நான்கு நாள், அதாவது 60 நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்கு 10, 15 நிமிடம் கூட்டினால் சுமார் இரண்டு மாதத்தில் 150ஐ எட்டிவிடலாம். தூரத்தையோ வேகத்தையோ இலக்காக வைத்தால் களைத்த நாளில் தோல்வி நிச்சயம். நிமிடத்தை வைத்தால் களைத்த நாளில் மெதுவாக நடந்தும் இலக்கை முடிக்கலாம், ஏனென்றால் அன்று குறைந்த வேகத்திலேயே துடிப்பு எல்லைக்குள் வந்துவிடும்.

ஓட்டம் பழக விரும்புகிறவர்களுக்கு இந்தக் கருவி கொடுக்கும் பயிற்சி மிக எளியது. 40 வயதுக்காரர் என்றால், துடிப்பு 140ஐத் தொடும்வரை மெல்ல ஓடுங்கள். தொட்டதும் நடையாக மாற்றுங்கள். 115க்கு இறங்கியதும் மறுபடி ஓடுங்கள். 20 நிமிடம் இப்படியே. முன்பின் ஐந்தைந்து நிமிடம் மெதுநடை. முதல் நாள்களில் ஓட்டம் ஒரு நிமிடம்கூட வராது, நடை மூன்று நிமிடம் இழுக்கும். சில வாரங்களில் ஓட்டம் நீளும், நடை சுருங்கும். யாரும் அட்டவணை போட்டுத் தர வேண்டியதில்லை. அன்றைய உடம்பு எவ்வளவு தாங்குமோ அவ்வளவை எண்ணே நிர்ணயிக்கிறது.

முன்னேற்றத்தை மூன்று இடங்களில் பார்க்கலாம். மூன்றில் மிகவும் நம்பத்தக்கது ஒரே பாதையில், ஒரே வேகத்தில் செய்யும் சோதனை. சமதளமான ஒரு பாதையைத் தேர்ந்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதே நேரத்தில், அதே வேகத்தில் 20 நிமிடம் நடந்து சராசரித் துடிப்பைக் குறித்துவையுங்கள். டிரெட்மில் என்றால் வேகமும் சாய்வும் மாறாமல் வைப்பது இன்னும் எளிது. முதலில் 126 என்று இருந்தது ஆறு, எட்டு வாரத்தில் 120ஐ ஒட்டி இறங்கினால், இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலான ரத்தத்தைத் தள்ளப் பழகிவிட்டது என்று பொருள். எடைக் கருவி அசையாத வாரங்களிலும் இந்த எண் அசையும். கைவிட நினைக்கும் நேரத்தில் கையைப் பிடித்து நிறுத்துவது பெரும்பாலும் இதுதான்.

இரண்டாவது, மீளும் வேகம். பயிற்சியின் உச்சத்தில் இருந்த துடிப்பு, மெதுநடைக்கு மாறிய ஒரு நிமிடத்தில் எத்தனை இறங்குகிறது என்று பாருங்கள். 150லிருந்து 128 என்றால் 22. பயிற்சி கூடக் கூட இந்த இறக்கமும் கூடும். மருத்துவப் பரிசோதனைகளில் 12 அல்லது அதற்குக் குறைவான இறக்கத்தைக் கவனிக்க வேண்டியதாக எடுத்துக்கொள்கிறார்கள். வீட்டில் எடுத்த அளவு தொடர்ந்து அப்படியே வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். காலை ஓய்வுநிலைத் துடிப்பு மூன்றாவது. அது மாதக்கணக்கில்தான் இறங்கும், அதுவும் எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை. தினமும் அதைப் பார்த்து மகிழவோ வருந்தவோ வேண்டாம்.

தினசரி எண் ஏறி இறங்குவதற்குக் காரணங்கள் பல: தூக்கம் குறைந்தது, வெயில், தண்ணீர் போதாதது, காபி, வரப்போகும் காய்ச்சல். வெயிலில் ஒரே வேகத்தில் நடந்தாலும் அரை மணிக்குப் பிறகு துடிப்பு மெல்ல ஏறிக்கொண்டே போகும். வியர்வையில் நீர் குறைந்து, உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கும் ரத்தம் போக வேண்டியிருப்பதால் இதயம் அடிக்கடி துடித்து ஈடுகட்டுகிறது. இதைப் பின்னடைவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சோதனை நடையைக் குளிர்ந்த வேளையில் வைத்துக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான். காலையிலேயே ஓய்வுநிலைத் துடிப்பு வழக்கத்தைவிடப் பத்து ஏறியிருந்தால் அன்று மெதுநடையோ ஓய்வோ போதும்.

எடை தூக்கும் நாளில் இந்தக் கருவியால் பெரிய பயன் இல்லை. அங்கே எண் ஏறுவதற்கும் தசை உழைத்ததற்கும் நேரடிப் பொருத்தம் கிடையாது. ஒரு செட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே துடிப்பு இறங்கிவிட்டதா என்று பார்க்க வேண்டுமானால் பயன்படுத்தலாம். துடிப்பு இடைவெளியின் மாறுபாடு, மன அழுத்த மதிப்பெண், ‘உடல் வயது’ என்று செயலி நீட்டும் மற்ற எண்களையும் முதல் ஆறு மாதம் ஒதுக்கிவைக்கலாம்.

பட்டையைப் பேணுதல்

பேட்டரி சீக்கிரம் தீர்வதற்கான காரணம் இதுதான்: பயிற்சி முடிந்ததும் கருவியைப் பட்டையிலிருந்து கழற்றாமல் அப்படியே தொங்கவிடுவது. ஈரம் காயும்வரை இரண்டு மின்முனைகளுக்கும் நடுவே மின்னோட்டம் இருப்பதால், இன்னும் யாரோ அணிந்திருக்கிறார்கள் என்று கருவி விழித்தே இருக்கும். வீடு வந்ததும் இரண்டு பட்டனையும் கழற்றுங்கள். பட்டையை ஓடும் நீரில் அலசி, முறுக்கிப் பிழியாமல் நிழலில் தொங்கவிடுங்கள். கருவியைத் துணியால் துடைத்து வையுங்கள்.

வியர்வையின் உப்பு மின்முனையில் படிந்தால் எண் தடுமாறும், தோலும் அரிக்கும். ஐந்தாறு முறைக்கு ஒருமுறை மென்மையான சோப்பில் கையால் கழுவலாம், அல்லது வலைப் பையில் போட்டு 40 டிகிரிக்கு மேல் போகாமல் வாஷிங் மெஷினில் போடலாம். ப்ளீச்சும், துணியை மென்மையாக்கும் திரவமும் கூடாது. இஸ்திரியும் உலர்த்தியும் மின்முனையைப் பாழாக்கிவிடும். தோல் சிவந்து தடித்தால் சில நாள் மேல்கைப் பட்டைக்கோ வாட்சுக்கோ மாறிக்கொள்ளுங்கள்.

இணைப்பு அடிக்கடி விட்டுப்போனால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள். மாற்றும்போது மூடியின் ரப்பர் வளையம் பள்ளத்தில் சரியாக உட்காராவிட்டால் வியர்வை உள்ளே போய்க் கருவியே போய்விடும். கழற்றிய பட்டன் பேட்டரியைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் உடனே அப்புறப்படுத்துங்கள். விழுங்கினால் உணவுக் குழாயைப் புண்ணாக்கி உயிருக்கே ஆபத்தாகும். புதுப் பேட்டரி போட்டும், நன்றாக நனைத்தும், பயிற்சியின் நடுவில்கூட எண் தாவுகிறதா? பட்டை தேய்ந்துவிட்டது. கருவியை வைத்துக்கொண்டு பட்டையை மட்டும் வாங்கி மாற்றுங்கள்.